குறுக்கு விசாரணை ஷாக் அப்சார்பர் வாங்கிய கதை

என் அக்காவின் கணவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார் இறக்குவதும், கெட்டுப்போனதை மேலே ஏற்றிப் பழுது பார்ப்பதும் அவர் தொழில். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களிடமும், இரும்புக் குழாய் விற்கிறவர்களிடமும், அவர் மோட்டார் இறக்கிக் கொடுத்த வீடுகளிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: குறுக்கு விசாரணை. "என்ன குறுக்கு விசாரணை, சௌக்கியமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அத்தான் கோபப்பட மாட்டார். "ஏன் கேக்குறே?" என்பார்.

காய்கறி வாங்கி வந்தால் வீட்டில் ஒரு தராசு காத்திருக்கும். பெட்ரோல் போட்டால் பங்கின் மீட்டரைப் பார்த்துவிட்டு வண்டியின் முள்ளைப் பார்ப்பார், பிறகு பங்க்காரன் மூஞ்சியைப் பார்ப்பார். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே வழியில் போகிறவனிடம் மணி கேட்பார். "தெரிஞ்சதைத்தான் மச்சான் கேக்கணும். தெரியாததைக் கேட்டா அவன் சொல்றதுதான் பதில். தெரிஞ்சதைக் கேட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சு போயிடும்" என்று எனக்குப் பாடம் வேறு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அத்தான் கண்ணுக்குப் பட்டப் பகலே கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும்.

கேள்வி மட்டும் கேட்டால் பரவாயில்லை. அவரிடம் இன்னொரு வித்தை உண்டு. ஆளைச் சோதிக்க ஒரு பொய்யைத் தூக்கிப் போடுவார். அதைக் கேட்டதும் எதிராளி பேச்சை மாற்றுகிறானா என்று பார்ப்பார். மாற்றினால் முதலில் சொன்னது புரட்டு என்று முடிவு கட்டிவிடுவார். கல்யாணம் பேசி முடித்த சமயத்தில் அக்காவைத் தனியாகப் பார்த்து, "எனக்கு வேலை போயிடுச்சு, இனிமே என்ன பண்றதுன்னு தெரியல" என்று சொல்லியிருக்கிறார். வேலை எங்கேயும் போகவில்லை. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கென்ன, வேற வேலை கிடைக்காமலா போயிடும்?" என்றாளாம். அன்றைக்கு அவள் பாஸ். அதற்கப்புறம் அத்தான் அவளைச் சோதித்ததே இல்லை. இந்த உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் என் அக்கா.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். வண்டிக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், ஏறி உட்காருவதும் இறங்குவதும்தான். ஆனாலும் அத்தான் எதை வாங்கப் போனாலும் என்னை இழுத்துக்கொண்டு போவார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "சாட்சிக்கு" என்றார். எனக்கு எதுவும் தெரியாது என்பதுதான் என்னுடைய தகுதியாம். தெரிந்தவனைக் கூட்டிப் போனால் அவன் கடைக்காரனோடு கூட்டுச் சேர்ந்துவிடுவானாம்.

இப்படி இருக்கையில்தான் அக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொல்லியனுப்பினார். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து உடற்பயிற்சி சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும், வருகிற வழியில் தூக்கிப் போடக் கூடாது, நரம்பு மறுபடி நசுங்கினால் மறுபடியும் கத்திதான், இரண்டாவது தடவை கால் எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அக்கா நடப்பாளா, படுத்த படுக்கையாகிவிடுவாளா என்பது அந்த ரோட்டின் கையில் இருந்தது.

ரோடோ கேட்கவே வேண்டாம். பாலம் கட்டுகிறேன் என்று பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

வாடகைக் காரில் போகலாமே என்றேன். "அவன் எப்படி ஓட்டுவான்னு உனக்குத் தெரியுமா? அவனுக்கு அடுத்த சவாரி அவசரம்" என்று அத்தான் அடித்துச் சொல்லிவிட்டார். ஆக, அவருடைய பிக்கப் வண்டிதான் என்று முடிவாயிற்று. அது கனத்த பாரம் சுமப்பதற்கென்றே கட்டிய வண்டி. முன்னால் இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த பெட்டி. பெட்டியில் இரும்புக் குழாய்களை ஏற்றினால் தொட்டில் மாதிரி போகும். பாரம் இல்லாமல் ஓட்டினால் குதிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அதில் பாரம் என்றால் அக்காவும் நானும்தான்.

முதல் தடவை போய் வந்ததும் அக்கா இறங்கி நின்று வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அத்தான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நாலு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருந்தது. செத்துப் போச்சு, மாற்ற வேண்டியதுதான் என்றார். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

வண்டிக் கம்பெனிக்காரர்கள் அந்த மாடலுக்கு உதிரிபாகம் தருவதை நிறுத்திவிட்டார்கள். வெளிக் கடையில்தான் வாங்க வேண்டும். அத்தானுக்கு வெளிக் கடை என்றால் எதிரி நாட்டு எல்லை.

முதலில் போன கடை கண்ணைப் பறித்தது. கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு ஷாக் அப்சார்பர்களை நகை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்கள். விற்கிற பையன் சிவப்புச் சாயம் பூசிய ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தான். பந்தயத்தில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் இதுதான் என்றான்.

"இது எந்த வண்டிக்குச் சேராது?" என்று அத்தான் கேட்டார்.

"எல்லா வண்டிக்கும் சேரும் சார்."

அத்தான் அதை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "எல்லாக் காலுக்கும் சேர்ற செருப்பை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் எனக்கு அத்தானை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

அடுத்தது லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த பழைய கடை. விளக்கும் இல்லை, அலங்காரமும் இல்லை. கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். கல்லாவில் ஒரு அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். வண்டி மாடலைச் சொன்னதும் எழுந்து போய் ஒரு பெட்டியைப் பாதி உருவிக்கொண்டே கேட்டார்.

"வண்டி கம்பெனி உயரத்துலயே இருக்கா, இல்ல தூக்கியிருக்கீங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"கேக்காம எப்படிக் குடுக்கிறது?"

சில பேர் வண்டி ஓங்கி நிற்க வேண்டும் என்று ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை வைத்து உயர்த்திக்கொள்வார்கள். அத்தானின் வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்த உயரத்தில் வந்ததோ அதே உயரத்தில்தான் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்த அம்மா பதில் வருவதற்கு முன்பே பெட்டியைப் பாதி உருவியிருந்தது அத்தானை உறுத்திவிட்டது. அவர் முகத்தில் அந்தச் சோதனைக் களை வந்தது. 

"தூக்கியிருக்கு. ரெண்டு இன்ச்."

அந்த அம்மா முதல் பெட்டியை உள்ளே தள்ளினார். மேல் தட்டிலிருந்து வேறொன்றை இறக்கினார்.

அத்தான் என் விலாவில் இடித்தார். "பாத்தியா? முதல்ல எடுத்தது விக்காமக் கிடக்கிற சரக்கு. நம்ம தலைல கட்டப் பாத்தாங்க. ஒரு போடு போட்டதும் நல்ல சரக்கு மேல இருந்து இறங்குது பாரு."

"அத்தான், நம்ம வண்டி தூக்கலையே."

"ரெண்டு இன்ச்சுல குடியா முழுகிப் போயிடும்? சும்மா இரு."

மேல் தட்டில் இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தோம். அத்தான் வழியெல்லாம் விசிலடித்தார்.

மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். பெட்டியைப் பிரித்தார், பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இது தூக்கின வண்டிக்கு உள்ளதுண்ணே. நீளம் அதிகம். சக்கரம் பள்ளத்துல விழுந்து மேல வரும்போது ஷாக் சுருங்கணும். இது சுருங்க இடம் பத்தாது, உள்ள முட்டும். வண்டியில இருக்கிறவங்களுக்குத்தான் அடி."

அத்தான் கண் சுருங்கியது. "தூக்கின வண்டின்னு உனக்கு யார் சொன்னா? அந்தக் கடைக்கார அம்மா உங்கிட்டப் பேசினாங்களா?"

"எந்த அம்மா?"

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தையச் சொல்றீங்க. அதெப்படி?"

நான் இடையில் புகுந்தேன். "உண்மையா இருந்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே அத்தான் சொல்லுவாங்க?"

"உனக்கு உலகம் தெரியாது. ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா பேசி வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"வேற வேற மாதிரி சொன்னா?"

"ஒருத்தன் பொய் சொல்றான்னு அர்த்தம்."

அப்படிப்பட்ட மனிதரிடம் கடவுளே வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது. "மாட்டச் சொன்னா மாட்டுறேன்" என்று மெக்கானிக் படுத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் நகர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அக்கா முன் இருக்கையில், முதுகுக்கு ஒரு தலையணை. நான் பின்னால். சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் போயிற்று. பாலத்துப் பக்கம் முதல் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பின் இருக்கையில் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் திரும்பிப் பார்த்தார், என்னை அல்ல. "எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க. முன்னைக்கு எவ்வளவோ தேவலை."

அவ்வளவுதான். அத்தானுக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. கடைக்கார அம்மாவை மடக்கியாயிற்று, மெக்கானிக்கின் புரட்டும் வெளிச்சத்துக்கு வந்தாயிற்று. "இவளுக்கு மேல ஒரு மீட்டர் எதுக்கு மச்சான்?" என்றார். பிறகு எல்லா வாரமும் அதே பாலம், அதே டங், அதே கேள்வி, அதே பதில். ஒரு வாரம் அக்கா பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று. கேள்வி காதில் விழவில்லை போலும் என்று அத்தான் மறுபடி கேட்டார். "நல்லா இருக்குங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சிகிச்சை அறைக் கதவைத் திறந்துகொண்டு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வெளியே வந்தாள். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"இவங்க இடது பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிட்டு வருது. ஊசியால தொட்டாக்கூடச் சரியாத் தெரியல. எதுல கூட்டிட்டு வர்றீங்க?"

"வண்டியிலதான். புது ஷாக் போட்டிருக்கேன். அவளுக்கு ஒண்ணும் தெரியறதே இல்லை" என்றார் அத்தான்.

"ஒவ்வொரு தடவையும் வந்து இறங்கினதும் அரை மணி நேரம் படுக்க வச்சு வலியைக் குறைச்சிட்டுத்தான் பயிற்சியே ஆரம்பிக்கிறோம். உங்களுக்குத் தெரியாதா? இப்படியே போனா மறுபடி ஆபரேஷன்தான் சார்."

அத்தான் அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே பழக்கம். ஆபரேஷனில் இவளுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுகிற பார்வை. விறுவிறுவென்று அறைக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"இந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது. உனக்கு வண்டியில வலிக்குதாம்ல?"

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. பொய்தானே?"

"வலிக்குதுங்க" என்றாள். "முதல் நாள்லேர்ந்தே வலிக்குது. அந்தப் பள்ளத்துல ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வருது."

"பின்ன ஏன் நல்லா இருக்குன்னு சொன்னே?"

"என்னங்க பண்றது? கடைக்காரங்களோட மல்லுக்கு நின்னு, மெக்கானிக்கோட மல்லுக்கு நின்னு, யாரையும் நம்பாம வந்து, கடைசில என் மூஞ்சியப் பாத்துக் கேப்பீங்க எப்படி இருக்குன்னு. சின்னப் பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டுற மாதிரி. அந்த மூஞ்சியப் பாத்து வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

அத்தான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊரில் ஒருத்தர் விடாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டு, நம்பின ஒரே ஆளிடம் ஏமாந்து போன மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

அன்று அக்காவை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு நேராக லாரி நிறுத்தத்துக் கடைக்குப் போனோம். சண்டை நடக்கப் போகிறது, எந்தப் பக்கம் ஓடுவது என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தான் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வண்டி தூக்கல. கம்பெனி உயரம்தான். அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்ப சொல்றது நிஜமா?"

"நிஜம்."

"எப்படி நம்புறது?" என்று அந்த அம்மா டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சக்கரத்துக்கு நடுவிலிருந்து மேல் வளைவு வரை நான்கு பக்கமும் அளந்தார். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அத்தான் கைகட்டி நின்று அளக்கவிட்டார்.

"பாரம் ஏத்துறதா, வெறும் வண்டியா?"

"தொழிலுக்குப் போகும்போது பாரம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெறும் வண்டி. என் வீட்டம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன். இடது கால்ல உணர்ச்சி குறையுது." கேட்காததையும் சொன்னார். டயரில் காற்று எவ்வளவு வைத்திருக்கிறார் என்பதையும் சொன்னார். காற்றுக் கடைக்காரன் குறைத்து அடிப்பான் என்ற சந்தேகத்தில் அளவுக்கு மேலேயே அடிக்கச் சொல்வாராம்.

அந்த அம்மா உள்ளே போய், அன்றைக்குப் பாதி உருவிய அதே பெட்டியைக் கொண்டுவந்தார். "கம்பெனி உயரத்துக்கு உள்ளது. ரொம்ப விறைப்பும் இல்ல. காத்தைக் குறைங்க. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குப் பின் பெட்டியில மணல் மூட்டை கொஞ்சம் போட்டுக்குங்க. அதுக்கு மேல ஷாக்கால ஒண்ணும் பண்ண முடியாது. பள்ளம் பள்ளம்தான், மெதுவாப் போங்க."

அத்தான் அந்தப் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக்கிடம் போனதும், "நீ சொன்னதுதான்ப்பா சரி" என்றார். மெக்கானிக்குக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை, ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார்.

சாயங்காலம் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாலத்துப் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. டங் சத்தம் இல்லை. என் பற்கள் அதனதன் இடத்தில் இருந்தன.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

அத்தான் தலையாட்டவில்லை. ரோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க."

அடுத்த பள்ளத்தில் ரோட்டை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். எதிரே வந்த லாரிக்காரன் திட்டிக்கொண்டே போனான். வண்டியை ஓரமாக நிறுத்தினார். "மச்சான், நீ சொல்லு. எப்படி இருக்கு?"

"சத்தியமா நல்லா இருக்கு அத்தான்."

"நீ அவ தம்பி" என்றார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். யாரைக் கேட்பார்? கேட்பதற்கு இருந்தது ஒரே ஆள், அந்த ஆளையும் இப்போது நம்ப முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. அதை அக்காவும் பார்த்தாள்.

மறுபடி கிளம்பி, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். தோண்டிப் போட்ட இடத்தின் கடைசிப் பள்ளம்தான் பெரியது. அதில் எவ்வளவு மெதுவாக இறக்கியும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"இங்க வலிச்சுதுங்க" என்றாள் அக்கா.

அத்தான் பிரேக்கை மிதித்தார். "வலிச்சுதா? எங்க?"

"இடுப்புக்குக் கீழ, இடது பக்கம். முன்ன அளவுக்கு இல்ல. அதுல பாதிகூட இல்ல. ஆனா வலிச்சுது."

"மத்த பள்ளத்துல?"

"முதல் பள்ளத்துல வலிக்கல. ரெண்டாவதுல லேசா வலிச்சுது. நீங்க ரோட்டைப் பாக்காம என்னைப் பாத்தீங்களே, அதுல."

அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லதும்மா" என்றார். "ரொம்ப நல்லது. அப்படியே சொல்லிட்டு வா."

வீடு வந்து சேரும் வரைக்கும் அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். இது வலிக்கல, இது வலிச்சுது, இது வலிக்கல. அத்தான் இரண்டையும் நம்பினார்.